வெண்குடை விரித்த நஞ்சு!

2022ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். அசாம் மாநிலத்துத் திப்ருகார் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐந்தே நாட்களில் 35 பேரைத் தூக்கி வந்தனர். அவர்களில் 13 பேர் மாண்டனர். கொள்ளை நோயா? இல்லை. வெள்ளமா? இல்லை. கலவரமா, துப்பாக்கிச் சூடா? அதுவும் இல்லை. காட்டுக் காளானைப் பறித்து வந்து, கறியாக்கித் தின்றார்கள், செத்தார்கள்!

செத்தவர் யார்? மாளிகைவாசிகள் அல்லர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பாட்டாளிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நாம் காலையில் கண் விழித்ததும் தேடுகிறோமே ஒரு கோப்பைத் தேநீர், அந்தத் தேநீருக்கான கொழுந்தைக் கிள்ளிப் போடும் கைகள்! வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழனை இழுத்துச் சென்றவனுக்குக் கங்காணி என்று பெயர். அசாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவனுக்கு ஆர்க்காட்டி என்று பெயர். பெயர்தான் வேறு, பிடித்த பிடி ஒன்றுதான்.

அந்த ஏப்ரல் திங்களில் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி 205 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் 27 ரூபாய் கூட்டி 232 ஆக்கினார்கள். 205 ரூபாயில் அரிசி வாங்கலாம், உப்பு வாங்கலாம், மண்ணெண்ணெய் வாங்கலாம். கறி வாங்க முடியுமா? காய் வாங்கவே கணக்குப் பார்க்கும் குடும்பம் அது. கோடையின் முதல் மழை விழுகிறது. தோட்டத்து ஓரத்தில், மூங்கில் புதரடியில், வெள்ளை வெளேரென்று குடை குடையாய்க் காளான் முளைத்து நிற்கிறது. காசு கேட்பாரில்லை, கணக்குக் கேட்பாரில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு மடி காளானைப் பறித்துக்கொண்டு வீடு திரும்புகிறாள் தாய். அன்றிரவு குழந்தைகள் வயிறாரச் சாப்பிடுகின்றன. தாய் மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரே ஓர் இரவு!

இஃது ஓர் ஆண்டு நடந்து முடிந்துவிட்ட விபத்து அல்ல. 2008இலும் அசாமின் மேல்பகுதித் தோட்டங்களில் காளான் உயிர் குடித்தது. 2020 ஏப்ரலில், நாடே கதவடைத்துக் கிடந்த நேரத்தில், மேகாலயாவின் மேற்கு ஜெயந்தியா மலை மாவட்டத்து லாமின் என்ற சிற்றூரில் ஆறு பேர் இறந்தனர். மழை வரும், காளான் வரும், பிணம் விழும், ஏட்டில் நான்கு வரி வரும். அடுத்த மழை வரையில் அமைதி.

நான்கு வரி என்றோம். ஆஸ்திரேலியா நாட்டில், விக்டோரியா மாநிலத்தில், லியோங்காத்தா என்றோர் ஊர் இருக்கிறது. 2023 சூலைத் திங்களில் அங்கே ஒரு வீட்டு விருந்தில் நச்சுக் காளான் கலந்த உணவை நால்வர் உண்டனர். மூவர் மாண்டனர், ஒருவர் நெடுநாள் போராடிப் பிழைத்தார். விருந்து வைத்த பெண்மணியை, 2025 சூலையில் நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை உலகம் முழுதும் படித்தது. நாம் குறை சொல்லவில்லை. கொலை கொலைதான், அந்த மூவரும் மனிதர்தாம். ஆனால் கேட்கிறோம்: அங்கே மூவர் செத்தது உலகச் செய்தி, இங்கே 13 பேர் செத்தது ஊர்ச் செய்திகூட இல்லையா? விருந்து மேசையில் விழுந்த பிணத்துக்கு விலை அதிகம். மண் தரையில் விழுந்த பிணத்துக்கு மதிப்பில்லை, அப்படித்தானே?

காளானையும் வறுமையையும் நம் புலவன் ஒன்றாய்க் கண்டு வெகுகாலம் ஆகிறது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், குமண வள்ளலிடம் தன் வீட்டு நிலையை எடுத்துச் சொல்லும்போது, சமையலையே மறந்துவிட்ட அடுப்பிலே காளான் பூத்துக் கிடக்கிறது என்று சொல்கிறார். ஆம்பி என்பது அவர் தந்த பெயர். அடுப்பில் தீ இல்லாத வீட்டில் அடுப்பிலேயே காளான். அடுப்பில் தீ இருந்தும் அரிசியைத் தவிர ஏதுமற்ற வீட்டில் சட்டிக்குள்ளே காளான். முன்னது பசியைக் காட்டியது. பின்னது ஆளையே கொன்றது.

அரண்மனையையும் இந்த நஞ்சு விட்டுவைக்கவில்லை என்பது வேறு கதை. கி.பி. 54ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் கிளாடியஸ் காளான் கறி தின்று மாண்டான். ஊட்டியவள் அவன் மனைவி அக்ரிப்பினா என்று பண்டை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். தன் மகன் நீரோவுக்கு முடிசூட்டத் தாய் போட்ட திட்டமாம்! செத்த கிளாடியசை உரோமர்கள் கடவுளாக்கிக் கோயில் கட்டினார்கள். உடனே நீரோ, காளான் கடவுளரின் உணவு என்று கேலி பேசினானாம், தின்றவன் கடவுளாகிவிட்டானல்லவா! கடவுள் எப்படி உண்டாகிறார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நாம் கண்டதில்லை. நிற்க.

தேயிலைத் தோட்டத்துக் காளானுக்கு வருவோம்.

நல்ல காளானையும் நச்சுக் காளானையும் பிரித்தறிய ஊருக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பாட்டி சொன்னது, பூசாரி சொன்னது, பக்கத்து வீட்டுக்காரன் சொன்னது. வெள்ளிக் காசைக் குழம்பில் போடு, கறுத்தால் நஞ்சு என்பார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். கந்தகம் முட்டையிலும் உண்டு. முட்டை நஞ்சா? உலகிலேயே மிகக் கொடிய காளானின் குழம்பில் போட்ட வெள்ளிக்காசு பளபளவென்று இருக்கும், தின்றவன்தான் கறுத்துப்போவான். பூண்டு போட்டு வேகவை, அரிசி போட்டு வேகவை, நிறம் மாறுகிறதா பார் என்பார்கள். மாறாது. புழு அரித்த காளான் நல்லது, புழுவே தின்கிறதே என்பார்கள். இந்த நஞ்சு ஏறாத புழுக்களும் நத்தைகளும் இருக்கின்றன. முயல் தின்றும் தாங்கும். புழுவுக்கு ஆகாதது மனிதனுக்கு ஆகாது என்றோ, புழுவுக்கு ஆவது மனிதனுக்கு ஆகும் என்றோ எந்த இயற்கை எழுதிக் கொடுத்தது? பளிச்சென்ற நிறமுள்ளதுதான் நஞ்சு, வெள்ளைக் காளானால் கேடில்லை என்பது இன்னொன்று. இதைவிடக் கொடுமையான பொய் வேறில்லை. ஆளைக் கொல்லும் இனங்களில் சில பால்போல் வெள்ளை! புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் நஞ்சு போகும், வெயிலில் காயவைத்தால் போகும், தோலை உரித்தால் போகும்... எதிலும் போகாது. தின்றால் கசக்குமே, தெரிந்துவிடாதா என்று கேட்பாருண்டு. பிழைத்தெழுந்தவர்கள் சொல்வதென்ன தெரியுமா? கறி சுவையாக இருந்தது என்கிறார்கள்!

உலகில் காளானால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பங்கு, அமானிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த சில வகைகளால் நேர்வது. அவற்றுள் பேர்போனது அமானிட்டா பல்லாய்ட்ஸ். சாவுக்குடை என்று நாம் பெயரிடலாம். ஐரோப்பாவில் பிறந்தது, ஓக் மரக் கன்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடல் கடந்தது. குடையின் அடிப்புறத்து மடல்கள் வெள்ளை. தண்டில் பாவாடைபோல் ஒரு வளையம். தண்டின் அடியில், மண்ணுக்குள், முட்டை ஓட்டைப்போல ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் முக்கிய அடையாளம். அதுவோ மண்ணுக்குள் இருக்கிறது. பறிப்பவர் தண்டோடு கிள்ளி எடுக்கிறார், அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. விரியாத மொட்டாக இருக்கும்போது, நம் வயற்புறங்களில் வளர்க்கும் வைக்கோல் காளானின் மொட்டுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது. ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான் என்று நம்பி இதைப் பறித்துத் தின்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இறந்திருக்கிறார்கள். எனவே, வளையத்தைப் பார், கிண்ணத்தைப் பார் என்று பாடம் படித்துவிட்டுக் காட்டுக்குப் புறப்படுவதற்காக இதை எழுதவில்லை. ஒன்றைக் கண்டால் ஒதுங்குவதற்கு இந்த அடையாளங்கள் உதவும். தின்னலாம் என்று தீர்ப்புச் சொல்ல உதவா.

நஞ்சின் பெயர் அமானிட்டின். எட்டு அமினோ அமிலங்கள் கைகோத்து வட்டமிட்டு நிற்கும் சிறு பொருள். 1941இல் செர்மனி நாட்டில், நோபல் பரிசு பெற்ற ஐன்ரிக் வீலாந்தின் ஆய்வுக்கூடம் இதைப் பிரித்தெடுத்தது. இட்லர் ஆட்சியின் நச்சுக்காற்று வீசிய அந்நாளில், யூதக் குருதி கலந்தவர் என்று விரட்டப்பட்ட மாணவர்களுக்குத் தம் கூடத்தில் இடம் கொடுத்துக் காத்தவர் அந்த வீலாந்து என்பதையும் சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனமில்லை.

இந்த அமானிட்டின் உடலில் செய்வது என்ன? நம் உயிரணு ஒவ்வொன்றின் கருவிலும் ஓர் ஓலைச்சுவடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுக்க ஓர் எழுத்தன் இருக்கிறான். அவன் கொடுக்கும் படியைப் பார்த்துத்தான் உடல் தனக்கு வேண்டிய புரதங்களை உருவாக்கிக் கொள்கிறது. அமானிட்டின் சென்று அந்த எழுத்தனின் கையைக் கட்டிப்போடுகிறது. படி இல்லை, புரதம் இல்லை, அணு சாகிறது. முதலில் சாவது குடலின் உட்சுவர். அடுத்தது கல்லீரல். கல்லீரல் நஞ்சைப் பித்தத்தோடு குடலுக்குத் தள்ளுகிறது. குடல் அதை மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. திருடனைத் தெருவில் தள்ளினால், கொல்லை வழியாக மீண்டும் வீட்டுக்குள் வருகிறான்! ஒரு முழுக் காளானில், வளர்ந்த ஆள் ஒருவரைக் கொல்லப் போதுமான நஞ்சு இருக்கும். குழந்தைக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

இப்போது நாம் சொல்லப்போவதை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். உயிர்கள் பறிபோவது இந்த இடத்தில்தான்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால், பத்து மணிக்கு ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் தெரியாது. ஆறு மணி நேரம், பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில வேளை ஒரு முழு நாள்கூட நஞ்சு ஓசையின்றி வேலை செய்யும். மறுநாள் காலையில் வாந்தியும் கழிச்சலும் காலராவைப்போல் கிளம்பும். நேற்று இரவு தின்ற காளானை யார் நினைக்கிறார்கள்? தண்ணீர் சேரவில்லை என்பார்கள், வெயில் சூடு என்பார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். மந்திரக்காரனைக் கூப்பிடுவார்கள். அவனும் வருவான். அவன் நல்ல காலம் பாருங்கள், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வாந்தி நின்றுவிடும், கழிச்சல் நின்றுவிடும், நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார்! மந்திரம் பலித்தது, கோழியைக் கொடு, கூலியைக் கொடு! மந்திரக்காரனை விடுங்கள், படித்த மருத்துவரே ஒரு பாட்டில் குளுக்கோசு ஏற்றி, சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதுண்டு.

சரியாகவில்லை! அந்த அமைதி பொய் அமைதி. குடல் ஓய்ந்திருக்கிறது, கல்லீரல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளாகும். ஈறில் குருதி கசியும். பேச்சுக் குழறும், நினைவு தப்பும், சிறுநீர் குறையும். அப்போது அலறி அடித்துக்கொண்டு, நாற்பது கல், ஐம்பது கல் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிப்போவார்கள். அங்கே மருத்துவர் கையைப் பிசைவார். ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று கேட்பார். தாமதம் யாருடையது?

ஆகவே கணக்கு எளிது. காளான் தின்று ஆறு மணி நேரம் கழித்து வாந்தி கண்டால், அது கல்லீரலைத் தின்னும் நஞ்சென்றே கொள்ள வேண்டும். மருத்துவமனைதான் ஒரே வழி. ஆறு மணிக்குள் வாந்தி கண்டால் ஆபத்து குறைவாயிருக்கலாம்; ஆனால் ஒரே சட்டியில் இரண்டு வகைக் காளான் கலந்திருக்கலாம் என்பதால் அதையும் நம்பி வீட்டிலிருக்கக் கூடாது. தின்றவர் அனைவரும் போகவேண்டும். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போகவேண்டும். எஞ்சிய காளானையும், சமைத்த மிச்சத்தையும், குப்பையில் எறிந்த வேர்ப்பகுதியையும் காகிதத்தில் பொதிந்து எடுத்துச் செல்லவேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிக் குழம்பிவிடும். எத்தனை மணிக்குத் தின்றோம், எத்தனை மணிக்கு வாந்தி கண்டது என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. உப்பு மிகுந்து குழந்தைகள் அதனாலேயே சாவதுண்டு, வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள், வண்டி வரட்டும். நினைவு தெளிவாயிருந்து, விழுங்க முடிந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? இந்த நஞ்சை ஒரே ஊசியில் முறிக்கும் மருந்து இல்லை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. குடலில் மிச்சமிருக்கும் நஞ்சையும், பித்தத்தோடு திரும்பி வரும் நஞ்சையும் பிடித்துவைக்க மருந்துக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பர். அடுப்புக்கரி அல்ல, அதற்கென்றே பதப்படுத்தியது. வாந்தியாலும் கழிச்சலாலும் இழந்த நீரை நரம்பு வழியே ஏற்றுவர். நஞ்சின் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது என்பதால் சிறுநீரகம் வற்றாமல் காப்பது உயிர் காப்பது. நஞ்சு கல்லீரலுக்குள் நுழையாமல் வாயிலை அடைக்கும் சிலிபினின் என்ற மருந்து, ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. அது கிடைக்காத இடத்தில் பெனிசிலினைப் பேரளவில் கொடுத்திருக்கிறார்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்பது இன்னொன்று; பாரசிட்டமால் மாத்திரையை அளவுமீறி விழுங்கியவர்களைப் பிழைக்கவைக்கும் அதே மருந்து. கல்லீரலின் நிலை, குருதி உறையும் நேரம், குருதிச் சர்க்கரை, இவற்றை நாள்தோறும் மறுபடி மறுபடி சோதிப்பர். எதற்கும் மீறிக் கல்லீரல் செத்துவிட்டால், மாற்றுக் கல்லீரல் பொருத்துவது ஒன்றே வழி. நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பது உலகக் கணக்கு. திப்ருகாரின் கணக்கு என்ன? 35இல் 13 பிணம்! வேற்றுமைக்குக் காரணம் காளானா, காலமா, கல் தொலைவா?

2023இல் சீன நாட்டு அறிஞர்கள், கண் மருத்துவத்தில் பல்லாண்டாகப் பயன்படும் ஒரு பச்சைச் சாயம் இந்த நஞ்சை எதிர்க்கிறது என்று எலிகளில் காட்டினார்கள். மனிதரிடம் நிலைநாட்டப்பட்டால் வரவேற்போம்.

மற்ற நச்சுக் காளான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தின்ற ஒரு மணி, இரண்டு மணிக்குள் வியர்வை கொட்டி, எச்சில் வழிந்து, கண்ணீர் பெருகி, நாடி தளர்ந்தால் அது மஸ்கரின் நஞ்சு. அட்ரோபின் ஊசி அதற்கு மாற்று. பூச்சிமருந்து குடித்தவருக்குப் போடுவார்களே, அதேதான். மழைக்குப்பின் புல்வெளியில் பெரிய தட்டுப்போல் விரிந்து, முற்றியதும் அடிமடல் பச்சை பாயும் ஒரு காளான், வயிற்றைக் கலக்கி எடுக்குமே தவிரப் பெரும்பாலும் கொல்லாது. சிறுநீரகத்தைக் குறிவைத்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வெளிப்படும் நஞ்சும் ஐரோப்பியக் காடுகளில் உண்டு. இன்னொன்று வேடிக்கையானது. மைக்காளான் என்று சொல்லத்தக்க ஒரு வகை, தின்றவரை ஒன்றும் செய்யாது. அதைத் தின்றபின் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மதுவிலக்குக் கொள்கையில் இவ்வளவு உறுதியான உறுப்பினர் நம் கட்சியிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம்!

காளானே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வளர்த்து விற்கும் சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் நல்ல உணவு. நாம் கேட்பது தோட்ட முதலாளிகளையும் ஆட்சியாளரையும். தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 13 பேர் செத்த 2022இல் அந்தச் சட்டம் உயிரோடிருந்தது. சட்டம் உயிரோடிருந்து தொழிலாளி செத்தான். காளான் தின்றவனைக் கண்டுகொள்ளத் தெரிந்த ஒரு மருத்துவத் துணையாளர், ஒரு பொட்டலம் கரித்தூள், இரவில் எடுக்க ஒரு வண்டி. பெரும் செல்வம் கேட்கவில்லை. ஒரு நாள் கொழுந்தின் விலை ஆகுமா? மழை தொடங்கும் வாரத்தில் தொழிலாளர் குடியிருப்பில், அவர்கள் பேசும் மொழியிலேயே ஓர் ஆள் தமுக்கடித்துச் சொல்லட்டும்: காட்டுக் காளான் வேண்டாம், தின்றுவிட்டால் ஒளிக்காமல் சொல், இப்போதே வண்டி ஏறு. அத்தோடு, அந்தத் தாய் காட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய்க் காய் வாங்கும் அளவுக்குக் கூலியும் கொடுக்கட்டும்.